ரோச் லைற் அண்ணை

கனடாவின் அஜக்ஸ் நகரில் வெஸ்ற்னி வீதிக்கும் சேலம் வீதிக்கும் இடையே எந்தக் குறுக்குத் தெருவிலும் நுழைந்து பாருங்கள். இரண்டு கார் விடக்கூடிய கராஜ் இருந்தும் இரண்டு காரும் வெளியே பனியில் விறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு வீடு கட்டாயம் கண்ணில் படும். அது ரோச் லைற் அண்ணையின் வீடு. ஆள் ஒருவர்தான் என்று எண்ணிவிட வேண்டாம். ஊரில் பல பேர் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பெரிதாக மதிப்பதும் இல்லை. ஒருவர் கட்டிய லைற்றை மற்றவர் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "ஈயம் ஒழுங்காப் பிடிக்கேல்லை" என்று திருப்பிக் கொடுப்பார். அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை குறைந்துவிடும்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மற்றவர்கள் பேனா குத்தும் பையில் சின்ன ஸ்குறூ ட்றைவர் இருக்கும். திறப்புக்கோர்வையில் ஒரு குட்டி ரோச், கார்க் கதவில் ஒன்று, கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டுப் பையிலும் ஒன்று. மண்டபத்தில் யாரோ ஒரு பெண்ணின் தோட்டுச் சுரை விழுந்து உருண்டால் அன்று அவருக்குத்தான் கலியாணம். பட்டு வேட்டியோடு மண்டியிட்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். சுற்றி நிற்கும் இளைஞர்கள் கைபேசி வெளிச்சம் அடித்தால், "அதை நிப்பாட்டுங்கோ தம்பி, நிழல் விழுகுது" என்பார். சுரை கிடைக்கும். கிடைத்த பிறகு ரோச்சின் வரலாறும் கிடைக்கும்.

ஆனால் அவருடைய உயிர் ரோச்சில் இல்லை, சைக்கிள் லைற்றில். கடையில் விற்கும் சைக்கிள் லைற்றை அவர் வாங்கவே மாட்டார். "கழட்ட ஏலாத சாமான் ஒரு சாமானே?" என்பது அவர் கொள்கை.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், கேட்காமலே சொல்வார். 1990 ஆனியில் இலங்கையில் சண்டை திரும்பவும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில், குடாநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியலில் ரோச் பற்றறியும் ஏறியது. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு பொட்டு வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். செத்த பற்றறியை வெயிலில் வைத்துச் சூடாக்கினார்கள். ஆணியால் குத்தி உப்புத் தண்ணீரும் விட்டார்கள். இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. பழைய பற்றறியில் வெளிக்கோதாக இருக்கும் துத்தநாகமே கரைந்துதான் மின்சாரம் தரும். உள்ளே இருக்கும் பசை காய்ந்தால் ஓட்டம் நின்றுவிடும், ஈரம் காட்டினால் கொஞ்ச நேரம் மூச்சு வரும்.

ரேடியோவுக்கு அதுவும் போதாதபோது சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, வயர் இழுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்டார்கள். மிதிக்கிறவர் களைத்தால் லண்டனும் களைக்கும். அண்ணை மிதித்தவர். அதனால் அந்தக் காலத்தில் உலகத்தில் என்ன நடந்தது என்று அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். டைனமோவில் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரியும். 6 வோல்ற்று, 3 வாற்று. முன் லைற்றுக்கு 2.4, பின் லைற்றுக்கு 0.6. பெற்ற பிள்ளைகளின் பிறந்த திகதியைக்கூட இவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டார்.

அந்த மனிதர் அஜக்ஸுக்கு வந்து சேர்ந்தது பொருத்தம்தான். இந்த ஊரே ஒரு யுத்தத் தேவைக்காக முளைத்தது. 1941இல் வயல்வெளியில் பீரங்கிக் குண்டுகளுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்கள்; 1939இல் ஜெர்மன் கப்பலோடு மோதிய எச்.எம்.எஸ். அஜக்ஸ் என்ற போர்க்கப்பலின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். வெடிமருந்து நிரப்பிய மண்ணில் இப்போது அண்ணை லித்தியம் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுகிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கு இந்த வரலாற்றுத் தொடர்ச்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அண்ணை லைற் கட்டும் விதத்தைப் பார்க்க வேண்டும். பழுதான மடிக்கணினியின் பற்றறிப் பெட்டியைப் பிளந்தால் உள்ளே விரல் தடிப்பில் உருளைகள் வரிசையாகக் கிடக்கும். 18650 என்று பெயர்: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், 3.7 வோல்ற்று. ஆறில் இரண்டு செத்திருக்கும், நாலு நல்லது. பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனையால் வோல்ற்று எழுதி, மகளின் பழைய பென்சில் பெட்டியில் அடுக்குவார். உடம்புக்கு பிவிசி குழாய்த் துண்டு. வெளிச்சத்தை முன்னுக்குத் தள்ளுவதற்குச் சல்மன் ரின்னின் அடித்தகடு. எவ்வளவு கழுவினாலும் வெயில் நாளில் லைற்றில் இருந்து மீன் வாசம் வரும். முன் கண்ணாடிக்குப் பக்திப் பாடல் சீடியின் மூடியை வட்டமாக அறுப்பார். பின் லைற்றுக்கு மிளகாய்த்தூள் போத்தலின் சிவப்பு மூடி. அது தடித்த மூடி, வெளிச்சம் வெளியே வராது. ஆனாலும் உள்ளே எரிகிறது என்று அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் சைக்கிளோடு சேர்த்துக் கட்டுவதற்கு, பழைய ரியூப்பை வார் வாராக வெட்டி இறுக்குகிற யாழ்ப்பாணக் கட்டு. அந்தக் கட்டு மட்டும் ஒருநாளும் அவிழ்ந்ததில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

"கடையில அஞ்சு டொலருக்கு விக்கிறான், என்னப்பா" என்பார் அண்ணையின் மனைவியான அக்கா.

"அது அஞ்சு டொலர். இது சும்மா."

சும்மா என்ற கணக்கில் ஈயம் உருக்கும் கருவி, மல்ரிமீற்றர், பசைத் துப்பாக்கி, ஹோம் டிப்போவுக்குப் போய்வந்த பெற்றோல் எதுவும் சேராது.

சட்டத்தையும் அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஒன்ராறியோவில் சூரியன் மறைய அரைமணிக்கு முன்பிருந்து, உதித்து அரைமணிக்குப் பின்பு வரை, சைக்கிளின் முன்னுக்கு வெள்ளை லைற் எரிய வேண்டும். பின்னுக்குச் சிவப்பு லைற்றோ ஒளி திருப்பும் வில்லையோ இருக்க வேண்டும். முன் கவட்டில் வெள்ளை நாடா, பின் கவட்டில் சிவப்பு நாடா. 2015 செப்ரெம்பரில் இருந்து தண்டம் 60 டொலர் முதல் 500 டொலர் வரை. ஊரில் பேப்பரைச் சுருட்டி அதற்குள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓடியவர், பொலிசைக் கண்டதும் இறங்கி உருட்டியவர், இங்கே பொலிஸ் ஒருநாளாவது தன்னை மறிக்காதா என்று ஏங்குகிறார். மறித்தால் காட்டுவதற்கு அவ்வளவு லைற் இருக்கிறது.

மறிக்கத்தான் வழியில்லை. டிசெம்பரில் அஜக்ஸில் நாலே முக்கால் மட்டில் பொழுது பட்டுவிடும். அப்போது அண்ணையின் சைக்கிள் கராஜ் முகட்டில் கொழுக்கியில் தொங்கும். ஆனி ஆடியில்தான் இறக்குவார், அப்போது இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். அண்ணை ஏழு மணிக்கு ஏரிக்கரைப் பாதையில் ஒரு சுற்றுப் போய், எட்டு மணிக்கு வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருடைய லைற்றுகள் இருட்டை ஒருநாளும் சந்தித்ததில்லை. ஆனாலும் வெயிலிலேயே எரிய விட்டுக்கொண்டுதான் போவார். எதிரே நாயோடு வருகிறவர்கள் பட்டப்பகலில் கண்ணைப் பொத்துவார்கள். ஜெர்மனியில் இருக்கும் மைத்துனருக்கு இது பெரிய மனவருத்தம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அத்தான், இங்க சைக்கிள் லைற் எண்டாலும் முன்னுக்கு வாறவனுக்குக் கண் கூசக் கூடாது எண்டு சட்டம். 2013 வரைக்கும் சைக்கிளுக்கு டைனமோவே கட்டாயம்" என்பார். முதல் பாதி அண்ணையின் காதில் விழாது. இரண்டாம் பாதிக்கு, "அவங்கள் மனுசர்" என்பார்.

ரோச் எவ்வளவு காலம் தாங்கும் என்பது அவருடைய இன்னொரு துறை. பெட்டியில் 'முப்பது மணி நேரம்' என்று போட்டிருந்தால் சிரிப்பார். 2009இல் அமெரிக்காவில் வந்த ரோச் தர விதிப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை எரிகிற நேரம் முழுவதையும் பெட்டியில் போடலாம். ஆக, கடைசி மணித்தியாலங்களில் ரோச் எரிகிறதா என்று பார்க்க இன்னொரு ரோச் தேவைப்படலாம். விழுந்தால் தாங்குமா என்பதற்கு ஒரு மீற்றர் உயரத்தில் இருந்து காங்கிரீட்டில் போட்டுப் பார்ப்பார்கள். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரைமணி தாங்கும். அண்ணை இதையெல்லாம் தானே செய்து பார்ப்பார். ஏணியில் ஏறி நின்று போடுவார். மழைத்தண்ணீர்ப் பீப்பாவில் கயிறு கட்டி இறக்குவார். குளிருக்கு வீட்டுக் குளிர்ப்பெட்டி. நண்டுப் பைக்கும் உறைந்த முருங்கைக்காய்க்கும் நடுவே ஒரு லைற் கிடக்கும். ஒரு சனிக்கிழமை நண்டை உதிர்க்கும்போது அது கழுவும் தொட்டிக்குள் விழுந்து எரியத் தொடங்கியது. அக்கா அலறினார். அண்ணை ஓடி வந்து நேரம் குறித்தார்.

இத்தனை சோதனைக்கும் பிறகு அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான், அது உண்மையும்கூட. ரோச் விழுந்து சாவது குறைவு. பெரும்பாலும் லாச்சிக்குள் படுத்த படுக்கையாகத்தான் சாகும். மறந்துபோய் உள்ளே விட்ட அல்கலைன் பற்றறி கசிந்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அப்படி வரும் சடலங்களுக்கு வினாகிரியும் பல்லுக்குத்தும் குச்சியும் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பார். பாகங்கள் எந்த ஒழுங்கில் போகும் என்பதையும் சொல்வார்: முதலில் சுவிற்ச், பிறகு ஸ்பிரிங், கடைசியாகத்தான் பல்ப்.

வாங்கிய ரோச் என்று அவரிடம் ஒன்றே ஒன்று உண்டு, கறுப்பு மக்லைற். 1979இல் வந்த அலுமினியக் குழாய் ரோச். அதில் 'ஒன்ராறியோ' என்று பொறித்திருந்ததால், வாழ வைத்த மாகாணத்துக்கு நன்றிக்கடன் என்று வாங்கினார். பக்கத்தில் கலிபோர்னியா என்றும் இருப்பதை மகன்தான் காட்டினான். அந்தக் கொம்பனி இருப்பது கலிபோர்னியாவில் உள்ள ஒன்ராறியோ என்ற ஊரில். அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த ஒன்ராறியோ எண்டாலென்ன, கள்ளன்ர மண்டையில போட்டா உடையும்" என்றார்.

அவருடைய குலதெய்வம் ஒரு யப்பான்காரர்: கொனொசுகே மட்சுஷிதா. 1923இல், கிட்டத்தட்ட நூறு மாதிரி செய்து பார்த்து, குண்டு வடிவத்தில் பற்றறி சைக்கிள் லைற் ஒன்றைக் கொண்டுவந்தவர். மற்ற பற்றறி லைற்றுகள் மூன்று மணி நேரம் எரிந்த காலத்தில் அது முப்பது மணிக்கு மேல் எரிந்தது. மொத்த வியாபாரிகள் நம்பவில்லை. ஆகவே கடை கடையாகக் கொண்டுபோய், ஒன்றை எரியவிட்டு வைத்துவிட்டு, 'எரிந்து முடிகிற நேரத்தை நீங்களே பாருங்கள்' என்று வந்துவிட்டார். 1927இல் அவர் செய்த சதுர லைற்றுக்குத்தான் 'நஷனல்' என்ற பெயரை முதலில் வைத்தார். யாழ்ப்பாணத்தில் அண்ணை மிதி மிதியென்று மிதித்து ஓட்டியதும் ஒரு நஷனல் ரேடியோ. சைக்கிள் லைற்றுக்குப் பிறந்த பெயர் அங்கே சைக்கிளாலேயே உயிர் வாழ்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும்போது அண்ணைக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். மகன் மெதுவாக எழுந்து மேலே போய்விடுவான்.

அண்ணையின் பொற்காலம் 2013 டிசெம்பர். நத்தாருக்கு முன் பெய்த உறைமழையில் மரங்கள் முறிந்து, ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. அண்ணையின் வீடு மட்டும் கோயில் தேர் மாதிரி எரிந்தது. சனம் கைபேசிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. அண்ணை சைக்கிளை இறக்கி, நடுக்கூடத்தில் ஸ்ராண்ட் போட்டு, டைனமோவைப் பூட்டினார். மூன்று வாற்றில் ஒரு கைபேசி நிரம்ப இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். மேசையில் பதினொரு கைபேசி. கணக்கு ஓடாது என்று எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த வீட்டிலேயே குளிரில் நடுங்காத ஆள் அவர்தான். அடுத்ததாகத் தான் மிதிப்பதாக ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள்.

மாரியில் கராஜுக்குள் சார்ஜ் ஏற்ற முடியாது. பூச்சியத்துக்குக் கீழே லித்தியம் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோகமாகப் படிந்து பற்றறி கெட்டுவிடும், ஆபத்தும் வரும். வீட்டுக்குள் வைத்தால் தீப்பிடிக்கும் என்று அக்கா தடை போட்டிருக்கிறார். இதில் நான் அக்காவின் பக்கம். பொருளாதாரத் தடையையே தாண்டி வந்தவர் இதைத் தாண்ட மாட்டாரா? உடுப்புத் தோய்க்கிற அறையில், துவாய்களுக்குப் பின்னால், ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் இரவிரவாக எரிந்துகொண்டிருக்கும்.

போன மாரியில், தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்த ஒரு பெடியன் மின்சார சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தான். அண்ணை கோப்பிக் குவளையை அவன் கையில் திணித்துவிட்டு, அவன் குடித்து முடிப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

"அங்கிள், இதுலயே லைட் இருக்கு அங்கிள்."

"அது கொம்பனி லைற் தம்பி. நம்பேலாது."

ரியூப் வார் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியாயிற்று. தெருமுனை நிறுத்தல் பலகை வரைக்கும் பகலாயிற்று. பெடியன் குனிந்து மேலும் கீழும் தடவிப் பார்த்தான்.

"செமையா இருக்கு அங்கிள். சுவிட்ச் எங்க?"

"சுவிற்ச் வைக்கேல்லை. முதல்ல பழுதாகிறதே அதுதான்."

"அப்போ எப்படி ஆஃப் பண்றது?"

"அதுக்கு ஏன் கவலைப்படுறீர்? செவ்வாய்க்கிழமை மட்டில தானா நிண்டிடும்."