பேதியைக் குடித்த பேராசிரியர்

1892 அக்டோபர் 7. மியூனிக் நகரில் 73 வயதுப் பெரியவர் ஒருவர், காலராக் கிருமி வளர்த்த சூப்பை மடக்கென்று குடித்தார். மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்று பெயர். லேசுப்பட்ட ஆளில்லை. அந்த ஊருக்குச் சாக்கடையும் நல்ல தண்ணீரும் வரப் பாடுபட்ட சுகாதாரப் பேராசிரியர். ஒரே வைராக்கியம், பெர்லினில் இருக்கும் ராபர்ட் கோக்கின் மூக்கை உடைக்க வேண்டும்.

கோக் கல்கத்தா வரை வந்து, குளத்துத் தண்ணீரிலேயே அந்த வளைந்த கிருமியைப் பிடித்தவர். பெட்டன்கோஃபர் கட்சியோ வேறு: கிருமி மண்ணில் ஊறிப் பக்குவப்பட்டால்தான் நோய், தண்ணீர்மேல் பழி போடாதே!

குடிக்கும்போது சோடா உப்பையும் சேர்த்துக்கொண்டார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று நாளைக்கு எவனும் பேசக்கூடாதே. சாகத் துணிந்தாலும் கணக்கில் சுத்தம்.

வயிறு கடமுடா என்றது. சில நாள் கழிசல். கழிசலில் கிருமி மந்தை மந்தையாக இருந்தது. “பார்த்தீர்களா, காலரா இல்லை!” என்று கட்சிக்கொடி ஏறிவிட்டது. சில நாளில் சீடர் எம்மெரிச்சும் குடித்தார். குருவை மிஞ்சிய பேதி. அதுவும் காலரா இல்லையாம்!

நிஜக் காலரா எப்படியிருக்கும் என்று அந்த ஆண்டு கொள்ளைநோய் தாக்கிய ஹாம்பர்க்கில் கேட்டிருக்கலாம். கிருமியின் நஞ்சு உடம்பு நீரையும் உப்பையும் குடலுக்குள் இறக்கிவிட, அரிசி கழுவிய தண்ணீராகப் போகும், மணிக்கு ஒரு லிட்டர்கூட. வாந்தி, கெண்டைக்கால் இழுப்பு, குழிவிழுந்த கண். காலையில் நடமாடியவர் இரவில் இல்லை. அந்த ஊரில் 8,600 பேருக்கு மேல் போனார்கள்.

எல்பே ஆற்றுத் தண்ணீரை ஹாம்பர்க் வடிகட்டாமல் குடித்தது. பக்கத்து ஊர் ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு அதே ஆற்றில் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டியது. எல்லைத் தெருவில் ஹாம்பர்க் பக்கம் இழவு, எதிர்ச்சாரி பெரும்பாலும் தப்பியது. இரு பக்கமும் மண் ஒன்றுதான், பேராசிரியரே! மறு ஆண்டே ஹாம்பர்க்கும் மணல் வாங்கிக் கொட்டியது.

அவர் கட்சி மாறவில்லை. அவர் தப்பியதில் அதிசயமும் இல்லை. கிருமி உள்ளே போனவர்களில் பலர் லேசான கழிசலோடு, அதுகூட இல்லாமலே தப்பிவிடுவார்கள்; ஆனால் போகிற இடமெல்லாம் பரப்புவார்கள். அந்த வாரம் பேராசிரியருக்கு அடுத்து அந்தக் கக்கூசுக்குப் போனவர் யாரோ, பாவம்.