எதிரியின் மொழி, பதினாறே வாரத்தில்

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை போட்டது. டிக்டாக் போனதற்கு ஊரே ஒப்பாரி வைத்தது. அதே பட்டியலில் பைடு டிரான்ஸ்லேட் என்றும் ஒரு பெயர் இருந்தது. அதற்காக அழ ஆளில்லை. சீனத்தில் ஒரு வாக்கியத்தை இட்டால் பொருள் சொல்லும் செயலி அது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவிப்பவை என்று மற்ற 58-க்கும் சொன்ன காரணமே அதற்கும். ஆக, எல்லையில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்று நமக்குப் புரிந்துவிட்டால் இறையாண்மை போய்விடும். புரியாதவரை பத்திரம்.

தகவல் திருட்டு, வேவு என்பார்கள். இருக்கட்டும், பைடுவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அரட்டைச் செயலியான வீசாட்டும் அன்றே போனது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் சீனம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பேசிப் பழகக் கிடைத்த சீன நண்பர்கள் இருந்தது அங்கேதான். சீனாவில் வாட்ஸ்அப்புக்குத் தடை, இந்தியாவில் வீசாட்டுக்குத் தடை. எல்லையில், கல்வானில், மோதிக்கொண்ட இரண்டு அரசுகளும் ஒருமனதாகச் செய்து முடித்த காரியம் இது ஒன்றுதான்.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 29-இல், தேசியக் கல்விக் கொள்கை வந்தது. 2019 வரைவில், பள்ளிப் பிள்ளைகள் விரும்பினால் கற்கக்கூடிய அயல்மொழிகளின் வரிசையில் சீனமும் இருந்தது. இறுதி ஆவணத்தில் கொரியம், ஜப்பானியம், தாய்லாந்து மொழி, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன் என்று எட்டுப் பெயர்கள். சீனத்தைக் காணோம். சும்மா உதாரணத்துக்குச் சொன்ன பெயர்கள்தானே என்றார்கள். சரிதான். ஆனால் உதாரணத்தில் இருந்த ஒரு பெயரைத் தேடிப் பிடித்து அடிக்க ஒரு பேனா வேண்டியிருந்ததே, அது யாருடைய பேனா? தாய்லாந்து மொழிக்கு இடம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை; பாங்காக் கடைத்தெருவில் பேரம் பேச உதவும். 3,488 கிலோமீட்டர் நீளத்துக்குத் துப்பாக்கியும் கையுமாக நாம் நிற்பது தாய்லாந்துக்கு எதிரே அல்ல என்பதை மட்டும் யாராவது கொள்கை வகுத்தவர்களின் காதில் போட்டிருக்கலாம்.

அடுத்து ஆகஸ்டில், ஏழு நிறுவனங்களில் சீனம் கற்றுத்தரும் கன்பூஷியஸ் மையங்களை மறுஆய்வு செய்யப்போவதாகக் கல்வி அமைச்சகம் சொன்னது. கூடவே ஐஐடி, ஜேஎன்யூ உள்ளிட்ட இடங்கள் சீனக் கல்வி நிறுவனங்களோடு போட்டிருந்த 54 உடன்பாடுகளையும் தோண்டி எடுத்தார்கள். பெய்ஜிங் பணம் கொடுத்து நடத்தும் அந்த மையங்கள் பிரசாரக் கடைகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாராளமாக மூடுங்கள். மூடிய கடைக்குப் பக்கத்தில் நம் காசில் ஒரு வகுப்பறையைத் திறப்போம் என்று ஒருவருக்காவது தோன்றியதா?

இதே நாட்டுக்கு ஒரு காலத்தில் தோன்றியது. அதுதான் வயிற்றெரிச்சல். 1962-இல் சீனாவிடம் வாங்கிய அடி கல்வானைப் போல் பல மடங்கு. அந்த அவமானம் ஆறுவதற்குள், 1964-இல், தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீனவியல் மையம் தொடங்கியாகிவிட்டது. அடித்தவனைப் படிக்காமல் விட்டோமே என்ற ரோஷம். அந்தக் காலத்துக்குப் புனிதப் பட்டம் கட்ட வேண்டாம். அதே போரைச் சாக்கிட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட ஏறக்குறைய 3,000 சீன வம்சாவளியினரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்த அரசும் அதுவேதான். ஆனாலும் மொழியைக் கைவிடவில்லை. 1937-இல் தாகூரும் சீன அறிஞர் தான் யுன் ஷானும் சாந்திநிகேதனில் எழுப்பிய சீன பவனத்தைப் பூட்டவும் இல்லை. அன்று தோற்றவர்கள் புத்தகத்தைத் திறந்தார்கள். இன்று 'ஒரு அங்குலம்கூட விடவில்லை' என்று முழங்குகிறவர்களுக்குப் பாடப்புத்தகத்தைப் பார்த்தால் பயம்.

இரண்டாம் ஆண்டுச் சீனம் எப்படியிருக்கும் என்று அந்தப் பேனாக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதல் ஆண்டு இனிக்கும். நான்கு தொனி, பெயர், ஊர், டீ குடிக்கிறீர்களா. வீட்டில் நாலு எழுத்து எழுதிக் காட்டினால் பாட்டிகூடக் கைதட்டுவாள். இரண்டாம் ஆண்டில் கைதட்டல் நின்றுவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே விடாமல் அச்சிட்ட பத்தி முன்னால் கிடக்கும். எங்கே பிரிப்பது என்பதே முதல் தலைவலி. நேற்று இருபது தடவை எழுதிய எழுத்து இன்று சொல்வதெழுதலில் ஒரு கோடு குறைந்து நிற்கும். மெதுவாகப் பேசும் ஆசிரியர் பேச்சு புரியும். படத்தில் பேசுகிறவன் பேச்சு புரியாது. பாடநூல் பெரும்பாலும் பெய்ஜிங்கில் அச்சானது. நியூ பிராக்டிகல் சைனீஸ் ரீடரைத் திறந்தால் கனடாக்காரன் திங் லிபோ, இங்கிலாந்துப் பெண் லின் நா, அமெரிக்கன் மா தாவெய் மூவரும் வீடு தேடுவார்கள், டாக்டரிடம் போவார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார்கள். எண்பது வருஷத்துக்கும் மேலாகச் சீனம் சொல்லித்தரும் நாட்டின் பிள்ளை, கனடாக்காரன் கேக் வாங்கியதை மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறது.

சீனமொழித் திறனைச் சோதிக்கும் ஹெச்எஸ்கே தேர்வின் நான்காம் நிலைக்குப் பழைய பாடத்திட்டப்படி 1,200 சொல். அதை வைத்துக்கொண்டு வீட்டு ஓனரோடு சண்டை போடலாம், வயிற்றுவலியை விவரிக்கலாம், ரயிலைத் தவறவிட்டதற்கு வருத்தம் தெரிவிக்கலாம். பத்திரிகைத் தலையங்கத்தில் முதல் வரியைத் தாண்ட முடியாது. ஆறாம் நிலைக்கு 5,000 சொல். இடையில் கிடக்கும் அந்த 3,800 சொல் தூரத்துக்குத்தான் இடைநிலை என்று பெயர். நாட்டுக்குப் பயன்படும் ஆள் அதன் அக்கரையில் நிற்கிறார். கடக்க வேண்டுமானால் நல்ல வாத்தியார் வேண்டும், அல்லது ஒரு வருஷம் சீனாவில் கிடக்க வேண்டும். இரண்டாவது வழியை சீனாவே அடைத்தது. பெருந்தொற்றைச் சொல்லி 2020-இல் கதவைச் சாத்தி, மருத்துவம் படித்தவர்களே பெரும்பாலானோராக இருந்த 23,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களை இரண்டு வருஷத்துக்கும் மேல் வாசலில் நிறுத்தியது. பிள்ளைகளை வாட்டுவதில் பெய்ஜிங்குக்கும் தில்லிக்கும் எல்லைத் தகராறே கிடையாது.

வாத்தியார் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ராணுவம். 2023 ஏப்ரலில் இந்திய ராணுவம் தேஜ்பூர் பல்கலைக்கழகத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ராணுவத்தினருக்குச் சீனம் கற்றுத்தர வேண்டும். காலம் பதினாறு வாரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்றுத்தர ஒதுக்கும் காலம் 88 வாரம், 2,200 வகுப்பு மணி. நம் ஜவான் கூர்மையானவர், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஐந்தரை மடங்கு கூர்மையா? ராணுவத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் அவர்கள்தான். பனிமலையில் இரு தரப்பும் பதாகை விரித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கும்போது, எதிரில் நிற்கும் அதிகாரி தன் ஆட்களிடம் திரும்பி முணுமுணுப்பது மிரட்டலா, 'குளிருது, போகலாம்டா' என்பதா என்று தெரிவது உயிர்ப் பிரச்சினை. பாதுகாப்பு அமைச்சகம் தேடும் மொழியைக் கல்வி அமைச்சகம் அடித்துத் தள்ளுகிறது. கல்வி அமைச்சகம் அன்று இருந்த சாஸ்திரி பவனிலிருந்து பாதுகாப்பு அமைச்சகம் இருந்த சவுத் பிளாக்குக்கு நடந்தே போய்விடலாம். கோப்பு மட்டும் போய்ச் சேரவில்லை.

சரி, மொழி தெரிந்தவர்கள் இல்லாமல் நாடு சீனாவை எப்படிப் புரிந்துகொள்கிறது? டிவி பார்த்து. ராத்திரி ஒன்பது மணி விவாதத்தில் 'சீனா அலறுகிறது' என்று சிவப்பு எழுத்து ஓடும். ஆதாரம் என்னவென்று பார்த்தால் சீனப் பத்திரிகை குளோபல் டைம்ஸ் ஆங்கிலத்தில் போட்ட ஒரு ட்வீட். அந்தப் பத்திரிகை 2009-இல் ஆங்கிலப் பதிப்பு தொடங்கியதே வெளிநாட்டுக்காரன் படிப்பதற்குத்தான். நம்மைச் சீண்டுவதற்கென்றே எழுதியதை எடுத்துவைத்துக்கொண்டு, நாம் சீறியதும் அவன் மிரண்டுவிட்டான் என்று முடிவு கட்டுகிறார் நெறியாளர். சீனர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது சீனத்தில் கிடக்கிறது. கல்வானில் நம் வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். தங்கள் பக்கம் நான்கு பேர் இறந்ததாக சீனா ஒப்புக்கொண்டது 2021 பிப்ரவரியில். அந்தக் கணக்கைச் சந்தேகித்துச் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் எழுதிய ஒரு சீனப் பதிவருக்கு எட்டு மாதச் சிறை. பெய்ஜிங்கின் பொய்யைப் பெய்ஜிங்கின் குடிமகனே குத்திக்காட்டிய இடம் அது. வெய்போவும் நாம் தடைசெய்த 59-இல் ஒன்று.

தேசபக்தர்களின் ரோஷம் எங்கே செலவானது என்றும் பார்த்துவிடலாம். 2020 ஜூனில் மத்திய அமைச்சர் ராம்தாஸ் அதாவாலே சீனச் சாப்பாட்டையும் அதை விற்கும் ஓட்டல்களையும் புறக்கணிக்கச் சொன்னார். சீனாக்காரன் கண்ணால்கூடப் பார்த்திராத கோபி மஞ்சூரியனுக்கு எதிராக ஒரு குடியரசே திரண்டது. ஐபிஎல் பெயரிலிருந்து சீனக் கம்பெனியான விவோவை அந்த ஆண்டு எடுத்தார்கள். அடுத்த ஆண்டே விவோ ஐபிஎல் என்று ஜம்மென்று திரும்பி வந்தது. 2020-21-இல் சீனாவோடு நமக்கு இருந்த வணிகப் பற்றாக்குறை 44 பில்லியன் டாலர். ரோஷத்தோடு புறக்கணித்துப் புறக்கணித்து, 2024-25-இல் அதை 99 பில்லியனுக்கு ஏற்றியிருக்கிறோம். சீனத்திலிருந்து வந்ததில் நாம் உண்மையிலேயே புறக்கணித்தது இலக்கணம் ஒன்றைத்தான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த நாடகம் முழுசாக ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"என்னம்மா படிக்கிற?"

"சைனீஸ், சித்தப்பா. ரெண்டாவது வருஷம்."

"ஏம்மா, உலகத்துல வேற மொழியே இல்லியா? அவன் நம்ம பயலுகள அடிச்சுக் கொல்றான், நீ போயி அவன் பாஷையப் படிக்கிற."

"உங்க கையில இருக்கிற போன் எந்தக் கம்பெனி சித்தப்பா?"

"அது ஆஃபர்ல வந்துச்சும்மா. அது வேற."

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா என்று சித்தப்பா கேட்டிருந்தால் நியாயம். ஸ்ரீபெரும்புதூர் வரை போய்ப் பார்க்கட்டும். தைவான்காரர்களின் ஃபாக்ஸ்கான் அங்கே ஐபோன் பூட்டுகிறது. தைவான் பொறியாளரும் சீனப் பொறியாளரும் பேசுவது இவள் படிக்கும் இதே மாண்டரின். 2025 ஜூலையில் முன்னூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் இந்தியாவிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, தொழில் கற்றுக்கொள்ளும் வேகம் குறையுமோ என்று வணிகப் பக்கங்களில் ஒரே கவலை. கைத்தொழில் கைமாறுவது வாய்ப்பேச்சில். பக்கத்தில் நின்று கேட்டுப் புரிந்துகொள்ள நம் பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள்? அதே ஆண்டு ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு சீன வணிக அமைச்சகம் கட்டுப்பாடு போட, நம் கார் கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அந்த அமைச்சகம் அறிவிப்பு எழுதுவது சீனத்தில். யாராவது ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கும்வரை காத்திருப்பதற்குத் தற்சார்பு என்று இங்கே பெயர்.

இப்போது காற்று மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் சீனாவின் தியான்ஜின் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார். அக்டோபரில் நேரடி விமானமும் மறுபடி பறக்கத் தொடங்கியது. நேற்று சீனம் படித்தவள் துரோகி, இன்று மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லையே என்று புலம்பல், அடுத்த உரசலில் மறுபடியும் துரோகி. ஒரு மொழியைப் படித்து முடிக்கப் பத்து வருஷம் ஆகும். நம் வெளியுறவு மனநிலைக்கு ஆயுள் ஒரு தேர்தல்.

வாத்தியார் கதைக்கு வருகிறேன். நிரந்தரப் பணியிடம் காலியாகவே கிடக்கும். பாடம் நடத்துவது கௌரவ விரிவுரையாளர். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் உயர்த்திக் கொடுத்த கணக்கில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் எத்தனை வகுப்பு எடுத்தாலும் 50,000-க்கு மேல் இல்லை. அமெரிக்கக் கணக்கில் 2,200 வகுப்பு எடுக்க ஆகும் செலவு 33 லட்சம். மாத உச்சவரம்பைத் தாண்டாமல் ஒருவரே அதை எடுத்து முடிக்க ஐந்தரை வருஷம். வகுப்பில் இருபது பேர் என்றால் தலைக்கு 1,65,000 ரூபாய். எல்.கே.ஜி.க்கே இந்தக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் சென்னையில் உண்டு.

2016-இல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஏறக்குறைய 59,000 கோடி பேசி முடித்தோம். ஒன்றுக்கு 1,600 கோடிக்குமேல் விழுகிறது. அந்த ஒரு விமானத்தின் பணத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரைத் தலையங்கம் படிக்கும் அளவுக்குத் தேற்றிவிடலாம். விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அத்தனை பேரும் வேண்டியதில்லை. ஒரு சக்கரத்துக்கு ஆகும் காசை மட்டும் கழித்துக் கொடுங்கள் ஐயா, இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு இந்தப் பருவமாவது வாத்தியார் வரட்டும்.