இறக்கிய காரின் பின்சக்கரக் கோணல்: பனியன் ஊரிலிருந்து ஓர் ஆய்வுரை

திருப்பூரில் கோணலைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. காதர்பேட்டையில் ஒற்றை டீ-சர்ட் வாங்க வருகிறவர்கூட அதை நெடுக்காக மடித்து, தோளோடு தோள் சேர்கிறதா, ஓரத் தையல் ஓரத்திலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை கேட்பார். அதே மனிதர் வெளியே வந்து ஏறும் கார், ஸ்பிரிங் மாற்றித் தரையோடு தரையாக இறக்கப்பட்டு, பின்சக்கரங்கள் இரண்டும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கும். அதைச் செக்கிங் டேபிளில் ஏற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. அறிவுலகம் தொடாமல் விட்ட இந்தப் பெரும் இடைவெளியை நிரப்ப இவ்வுரை முன்வருகிறது.

முன்னோர் கருத்துகளை மதித்துத் தொடங்குவதே ஆய்வு மரபு. இத்துறையில் மூன்று பள்ளிகள் உண்டு. டயரின் எல்லா நோய்க்கும் காற்றே காரணம் என்பது பஞ்சர் கடைப் பள்ளி. “பின்னாடி வீலுக்கெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க, கம்பெனில இருந்தே அப்படித்தான் வருமுங்க” என்பது அலைன்மென்ட் கடைப் பள்ளி. மூன்றாவது மச்சான் பள்ளி. “ஓட ஓட செட்டாயிரும் மாப்ள” என்ற ஒரே சூத்திரத்தில் அதன் தத்துவம் முழுவதும் அடங்கிவிடும். மூன்றில் ஆதரவாளர்கள் அதிகம் உள்ளது கடைசிப் பள்ளிக்கே. செலவில்லாத கோட்பாடு அது ஒன்றுதான்.

சட்டத்தையும் ஒரு வரியில் தொட்டுவிடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. காரை இறக்கியவர்களிடம் இதைச் சொன்னால் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள்.

இனி பொருளுக்கு வருவோம். சக்கரத்தின் உச்சி உள்ளே சாய்வது நெகட்டிவ் கேம்பர். சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது டோ. பின்சக்கரங்கள் தனித்தனியே தொங்கும் கார்களில், உதாரணமாக 2006இல் இங்கே விற்பனைக்கு வந்த ஹோண்டா சிவிக்கில், உயரத்தைக் குறைத்தால் ஆர்ம்களின் கோணம் மாறி இரண்டுமே நகரும். பழி கேம்பர் மேல்தான் விழும், சாய்வு கண்ணுக்குத் தெரிகிறதல்லவா! டயரின் உள்பக்கத்தைப் பெரும்பாலும் தின்பதோ கண்ணுக்குத் தெரியாத டோ. டயர் அரை டிகிரி திரும்பி நின்றால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படும். கோயம்புத்தூருக்கு 50 கிலோமீட்டர் என்று கொண்டால் 430 மீட்டருக்கு மேல். கார் நேராகக் கோவை போய்ச் சேர்கிறது. டயர் மட்டும் வழியில் அரைக் கிலோமீட்டர் அளவுக்குச் சொந்த வேலையாகப் போய்வருகிறது. சாய்ந்த சக்கரம் உள்விளிம்பில் நிற்பதால் அந்தப் பயணச் செலவு முழுவதும் அந்த விளிம்பின் கணக்கில் எழுதப்படும். வெளிப்பக்கம் பட்டன் புதிதாக இருக்க, உள்ளே கம்பி எட்டிப் பார்ப்பது இப்படித்தான்.

இந்த நோய்க்கு ஏற்ற உவமை ஒன்று இவ்வூரிலேயே கிடக்க, அதை எடுத்தாள ஆளில்லை. நிட்டிங் மெஷினில் ஒரு சுற்றுக்கு எத்தனை ஃபீடரோ அத்தனை வரிசை ஏறும், அதனால் துணியின் வரிசைகள் சற்றுச் சாய்ந்தே பிறக்கின்றன. நூலில் தங்கிய முறுக்கும் சேர்ந்துகொள்ள, முதல் சலவையில் சிங்கிள் ஜெர்சி திருகி, விலாவில் இருந்த தையல் வயிற்றுக்கு வந்துவிடும். இதற்கு ஸ்பைராலிட்டி என்று பெயர் வைத்து, இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் சரக்கே வேண்டாம் என்று பையர் திருப்பி அனுப்புகிறார். திருகிய பீஸை அயர்ன் டேபிளில் இழுத்து நேராக்கி, மடித்துப் பாலிபேக்கில் போட்டுத் தள்ளுகிறவர்களும் உண்டு. தண்ணீரில் விழும்வரை அது நேரான டீ-சர்ட்தான்.

முன்சக்கரத்துக்கு மட்டும் அலைன்மென்ட் செய்வது இந்த அயர்னிங்கைச் சேர்ந்த வேலை. பின்சக்கரங்களில் ஒன்று கூடுதலாகத் திரும்பியிருந்தால், இரண்டும் சேர்ந்து காரைத் தள்ளும் திசை உடம்பின் நடுக்கோட்டை விட்டு விலகும். நேராகப் போக ஓட்டுநர் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டும். கடைக்காரர் முன்பக்க டை ராடைத் திருகி ஸ்டீரிங்கை மட்டும் நேராக்கி அனுப்பிவிடுவார். பல்லடம் சாலையில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போகும் கார்களின் வரலாறு இதுதான்.

ஆனால் அலைன்மென்ட் கடைப் பள்ளி சொன்னதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே பீம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இறக்கினாலும் அங்கே கேம்பர் பெரிதாக மாறாது, திருக போல்ட்டும் கிடையாது. அளவு தவறியிருந்தால் ஏதோ ஒரு பள்ளத்தில் பீம் வளைந்திருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். கோணல் சிறியதென்றால் பீமுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம் வைத்துத் திருத்தலாம். கேஸ் வைத்துச் சூடேற்றி நிமிர்த்துவது வேண்டாம், உலோகம் அதை மன்னிப்பதில்லை. சிவிக் வகையில் டோவுக்குக் கம்பெனியே போல்ட் கொடுத்திருக்கிறது. கேம்பருக்கு, நீளம் மாற்றக்கூடிய ஆர்மை வெளியில் வாங்கிப் போட வேண்டும்.

எதை முதலில் தொடுவது என்பதில்தான் பல பட்டறைகள் வழுக்குகின்றன. காற்றும் புஷ்ஷும் சரியா என்று பார்த்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். கேம்பரை மாற்றினால் டோ நகரும் என்பதால் கேம்பர் முந்தி, டோ பிந்தி. பின்பக்கம் முடிந்த பிறகே முன்பக்கம். இன்னொன்று, லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் புஷ்களின் போல்ட்டை இறுக்கிவிட்டால் வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கேறியபடியே கிடக்கும். கொஞ்ச நாளில் கிழியும். கார் தன் காலில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. நூலில் தங்கிய முறுக்கு என்ன செய்யும் என்பது தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெஷின் இல்லாதவர்கள் நூல் கட்டியும் பார்க்கலாம். காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருபுறமும் ஹப் உயரத்தில் நூல் இழுத்து, ரிம்மின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால் போதும். 15 அங்குல ரிம்மில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஏறக்குறைய 0.3 டிகிரி. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலமும் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலமும் பெரும்பாலும் வேறாக இருக்கும், நூலை இணையாக இழுக்கும்போது அதைக் கணக்கில் கழித்துவிட வேண்டும். நூலுக்கு இவ்வூரில் பஞ்சமில்லைதான். ஆனால் முப்பதாம் நம்பர் ஓசியரி நூல் இழுத்தால் நீளும், காற்றடித்தால் ஆடும். கொத்தனாரின் நைலான் கயிறே உகந்தது என்பது இவ்வுரையின் துணிவு. உள்ளூர்த் தொழிலுக்கு இதனால் வரும் இழப்பு சொற்பமே.

எஞ்சிய சிக்கல் பாரம். அளவெடுக்கும்போது டிக்கி காலியாக இருக்கும், ஓடும்போது பண்டல் இருக்கும். 180 ஜி.எஸ்.எம். துணியில் தைத்த பெரிய சைஸ் டீ-சர்ட் ஒன்று இருநூறு கிராம் தேறும், முந்நூறு பீஸ் என்றால் அறுபது கிலோ. இறக்கிய காரின் பின்பக்கம் இன்னும் இறங்கக் கோணம் எல்லாம் மறுபடி மாறும். ஆகவே வழக்கமாக ஏற்றும் பாரத்தோடேயே அளவெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்து, நண்பர் ஒருவரின் காரைப் பண்டல்களோடு கடையில் நிறுத்திப் பரிசோதித்தோம். கேம்பர் முடிந்து டோவுக்கு வரும்போது திரையில் எண்கள் காரணமின்றி நகர்ந்திருந்தன. விசாரித்ததில், நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏற்றுமதி மீதி என்று கேள்விப்பட்ட கடைப் பையன்கள் டிக்கியைத் திறந்து, நண்பரின் டிரைவரிடம் பேரம் பேசி, ஒன்றரைப் பண்டலை வாங்கி முடித்திருந்தார்கள். கேம்பரிலிருந்து மறுபடி தொடங்கினோம்.