கடிகாரம் 6 மணி, முதுகுவலி 18 மணி

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: 18 மணி நேரத்துக்கு மேல். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்தான் என்பதால், இரண்டு ஊரும் உலகத்தின் எதிரெதிர்த் திண்ணைகள் எனலாம்.

பள்ளிக்கூட உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டிப் போகும். குறுக்குவழி அதுதான். ஆனாலும் நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுமே! தூரம் கூடினாலும் எரிபொருளும் நேரமும் மிச்சம்.

இதற்கென்றே வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகம் 1,65,000 லிட்டர் எரிபொருள் சுமக்கும். எடை குறைய வேண்டுமே, இருக்கைகள் 161 மட்டும். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. சிக்கன டிக்கெட் தேடுகிறவர் வழியில் இறங்கி ஏறும் விமானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடிகாரம் செய்யும் வேடிக்கை தனி. நியூயார்க் 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியது. நள்ளிரவில் கிளம்பியவர் அன்றைய விடியலிலேயே இறங்கிவிடுவார். திரும்பும்போது வட்டியும் முதலுமாக வசூல்: திங்கள் இரவு ஏறினால் இறங்குவது புதன் விடியலில். செவ்வாய்க்கிழமை விரதக்காரர்களுக்கு வசதி.