மயக்காத மதுவின் மாண்பு

மது என்று பெயர் பூண்டும் மயக்குவதில் பெரிய அக்கறை காட்டாத பானங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் இங்கிலாந்தின் மென்செறிவுப் பழுப்பு ஏலுக்குத் தனி இடம் உண்டு. ஏல் என்பது மிதமான வெப்பத்தில் விரைவாக வேலை செய்யும் ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்க வைக்கப்படும் பீர் வகை. அதன் பழுப்பு நிறத்துக்கும் ரொட்டியின் முறுகிய ஓரத்தை ஒத்த மணத்துக்கும் காரணம் வறுத்த மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்தியபின் வறுக்கப்படும் பார்லி. செறிவு என்பது நூறு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிலிட்டர் ஆல்கஹால் இருக்கிறது என்னும் கணக்கு. இவ்வகையில் 2.8 விழுக்காடு கொண்ட ஒன்றை ஒரு பைண்ட், அதாவது 568 மில்லிலிட்டர், அருந்துபவருக்குக் கிடைக்கும் ஆல்கஹால் ஏறத்தாழ 16 மில்லிலிட்டர். எஞ்சிய அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீர்மம், ஒல்லியான மாப்பிள்ளைக்குத் துணையாக வரும் ஊர்வலம் போல, அதற்குப் பெருமை சேர்க்கவே உடன் செல்கிறது.

சிறு பீர் ஆலைகளின் இன்றைய உலகில் இத்தகைய அடக்கத்துக்கு மதிப்புக் குறைவு. ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் ஆலை 2010இல், பீரை உறையவைத்துப் பனிக்கட்டியை நீக்கிச் செறிவூட்டும் முறையால் 55 விழுக்காட்டை எட்டி, அந்தப் புட்டிகளைப் பதப்படுத்திய அணில்களுக்குள்ளும், கீரியை ஒத்த ஸ்டோட் என்னும் விலங்குகளுக்குள்ளும் பொதிந்து, ஒன்று 500 பவுண்டுக்குக் குறையாமல் விற்றது. மென்செறிவுப் பழுப்பு ஏலை எந்த விலங்குக்குள்ளும் திணிக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை என்பதை அந்த ஏலின் பெருமையாகவும் அணில்களின் நற்பேறாகவும் கொள்ளலாம்.

இந்த ஏலின் வரலாற்றை ஆராய்பவர், அதை உருவாக்கியவர்களுள் பீர் வடிப்போருக்கு இணையாக அரசாங்க அதிகாரிகளும் இருப்பதைக் காண்பார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனின் ஒயிட்சேப்பலில் இயங்கிய மேன், கிராஸ்மன் அண்ட் பாலின் நிறுவனம் இனிப்புச் சுவையுள்ள பழுப்பு ஏலைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. முதல் உலகப் போர் மூண்டபின், 1915இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் விட மதுவே கொடிய எதிரி என்று பேசினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் போர் முடியும்வரை அரண்மனையில் மதுவை விலக்கினார். பிரதமர் அஸ்க்வித் மட்டும் மன்னரைப் பின்பற்றும் அளவுக்குத் தம் அரசபக்தியை வளர்த்துக்கொள்ளவில்லை. நாட்டு மக்களின் பீரோ தானியத் தட்டுப்பாட்டாலும் வரியாலும் ஆணைகளாலும் நீர்த்துக்கொண்டே போயிற்று. நொதிக்கும் முன் மால்ட் நீரில் கரைந்துள்ள சர்க்கரையை, வெறும் நீரை 1000 என்று கொண்டு அளப்பது வழக்கம். போருக்கு முன் 1052 அளவில் இருந்த சராசரி, 1918இல் 1030 அளவுக்கு இறங்கியது. போர் முடிந்தபின் அது ஓரளவு மீண்டதே தவிர, பழைய உயரத்தை எட்டவில்லை.

மதுக்கூடத்தில் பீப்பாயிலிருந்து வரும் பீர் பல நேரங்களில் சோர்ந்து கிடந்ததால், அரை பைண்ட் பீப்பாய்ப் பீருடன் ஒரு புட்டி பழுப்பு ஏலைக் கலந்து குடிப்பது உழைப்பாளர் வழக்கமாயிற்று. புட்டியின் மூடி, கடைக்காரரின் கைவண்ணத்துக்கு எதிரான காப்புறுதியாகவும் விளங்கியது.

பின்னர் மீண்டும் அதிகாரிகளே துணைக்கு வந்தனர். 2011இல் 2.8 விழுக்காடும் அதற்குக் கீழுமான பீருக்கு வரி பாதியாகக் குறைக்கப்பட்டது; 2023 ஆகஸ்ட் முதல் சலுகையின் எல்லை 3.5 விழுக்காட்டுக்குக் கீழ் என உயர்ந்தது. உடனே, பெயர்பெற்ற பீர்கள் சில 3.4 விழுக்காட்டில் வந்து நின்றன. வரித்துறையின் அட்டவணையைக் காட்டிலும் கூர்மையான சுவையறிஞர் பீர் உலகில் இல்லை போலும். லண்டனின் பெர்மண்ட்ஸியில் 2017இல் தொடங்கிய ஸ்மால் பீர் என்னும் ஆலையோ 2.8 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை என்பதையே கொள்கையாக்கிக்கொண்டது.

குறைந்த செறிவு எளிய வேலை என்று எண்ணுவது தவறு. மால்ட் குறையும்போது பீர் நீர்த்துப்போகும். அதைத் தடுக்க, மால்ட்டை வழக்கத்தினும் சற்றுக் கூடிய வெப்பத்தில், ஏறத்தாழ 69 டிகிரியில், ஊறவைப்பார்கள். மாவுச்சத்தைச் சிறு சர்க்கரையாக வெட்டும் நொதி அவ்வெப்பத்தில் விரைவில் செயலிழப்பதால், ஈஸ்ட்டால் உண்ண முடியாத நீண்ட சர்க்கரைத் தொடர்கள் எஞ்சிப் பீருக்குக் கனம் கொடுக்கும். ஈஸ்ட்டின் முன் இலை போட்டு, அது மெல்ல இயலாத பண்டங்களைப் பரிமாறும் இந்தத் தந்திரத்தை அறிவியல் நூல்கள் உரிய நாணத்துடன் விவரிப்பதில்லை. இவற்றுடன் டாஃபி சுவை தரும் கிரிஸ்டல் மால்ட்டும், சாக்லெட் துளியும் கலவாத சாக்லெட் மால்ட்டும் சேர்கின்றன. கசப்புக்கான ஹாப் பூக்கள் அளவோடு இடப்படுவதால், கைத்தவறு எதுவும் கசப்பின் பின்னே ஒளிந்துகொள்ள வழியில்லை. அணிலுக்குள் அடைத்த பீரில் பிழை கண்டுபிடிக்க, முதலில் அணிலைக் கடந்தாக வேண்டும்.

இதைச் சுவைக்கும் முறையும் நிதானமானது. நிலவறையின் 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியில் பரிமாறப்படும் ஏலில் மணங்கள் உறைந்து அடங்கிவிடாமல் வெளிப்படுகின்றன. அதைச் சூடான பீர் என்று பழிப்பவர்கள் வெப்பமானியைப் பார்த்ததில்லை. மூன்றாம் பைண்டிலும் குடிப்பவரின் தர்க்கம் பெரிதும் குலைவதில்லை. எதிரில் இருப்பவர் சொன்னது மறுநாளும் நினைவில் நிற்கிறது, இது எல்லா உரையாடல்களுக்கும் நன்மை பயப்பதன்று. நான்கு பைண்டின் ஆல்கஹால், 5.6 விழுக்காட்டுப் பீரின் இரண்டு பைண்டுக்குச் சமம் என்பது கணக்கு. ஆயினும் உள்ளே சென்ற நீர்மம் இரண்டேகால் லிட்டர் என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. ஆகவே இந்த ஏலின் தேர்ந்த சுவைஞர், கணப்பு அடுப்பின் அருகே காலியாக இருக்கும் நாற்காலியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து, கழிப்பறைக் கதவுக்கு அடுத்த இருக்கையைத் தமக்கென்று பிடித்துக்கொள்கிறார். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்த பழைய மதுக்கூடங்களில், டிசம்பர் மாதத்தில், அவர் மேலங்கியைக் கழற்றுவதே இல்லை.