கழிவுப் பங்கு வராத சீட்டு

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? "பையன் சிங்கப்பூரில் ஏலத்தில் இறங்கிவிட்டான்" என்று அப்பா ராஜபாளையத்திலிருந்து கொளுத்திப்போட, ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்கள் பதறிவிட்டீர்களாம். நான் ஏலம் கேட்பது மாந்தோப்பை இல்லை, அத்தை. பாடத்தை.

இங்கே எங்கள் பல்கலைக்கழகத்தில் நல்ல வாத்தியார் வகுப்பு என்றால் இருப்பது 45 நாற்காலி, ஆசைப்படுவது ஊர் முழுக்க. சிபாரிசு செல்லாது. ஆளுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கில் போட்டு, "கேட்டு எடுத்துக்கொள்" என்று விட்டுவிடுகிறார்கள். புள்ளியும் காசு மாதிரிதான். டீ மட்டும் வாங்க முடியாது. அடுத்தவன் எவ்வளவு கேட்கிறான் என்று தெரியாது. ஏலம் முடிந்த பிறகுதான் வயிறு எரியும்.

இந்த ஊருக்கு ஏலம் புதிதில்லை. 1990 முதல், கார் வாங்குவதற்கு முன்னால் கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுவும் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். சாப்பாட்டுக் கடை மேஜைக்கு மட்டும் ஏலம் கிடையாது. ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் இடம் நம்முடையது. ஆடிப்பூரத் தேருக்கு வரும்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதே சட்டம். வகுப்புக்கும் அதை வைத்திருந்தால் நான் ஒரு பாடம்கூட விட்டிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். புள்ளியியல் வகுப்பு ஒன்றுக்கு 612 புள்ளி கேட்டேன். பறிபோனது. எடுத்தவர்களில் ஒருவன் கடைசி வருஷக்காரன். அவனுக்குப் பாடத்தில் பைத்தியம் ஒன்றும் இல்லை. வகுப்பு மதியம் தொடங்குகிறது, தூங்கலாம். படிப்பு முடிந்தால் மிச்சப் புள்ளி குப்பை என்பதால் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். திருவிழாக் கடைசி நாளில் பையிலிருக்கும் சில்லறையை ராட்டினத்துக்குக் கொடுக்கிற மாதிரி. பயந்துபோய் அடுத்த வகுப்புக்கு 700 கேட்டேன். அங்கே 20 கேட்டவனும் உட்கார்ந்திருக்கிறான்!

உங்கள் ஏலச்சீட்டுதான் அப்போது ஞாபகம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு அவசரமென்று ஒருத்தர் கழிவு அதிகம் போட்டு எடுத்தால், அந்தக் கழிவு மற்ற எல்லோருக்கும் பங்காக வந்துவிடும். தோற்றவர் வீட்டிலும் அந்த மாதம் தவணை குறையும். இங்கே அவன் கொட்டிய புள்ளி யாருக்கும் வரவில்லை; காற்றோடு போயிற்று. ஏலத்தை வைத்தார்கள், கழிவைப் பிரிக்க மறந்தார்கள். படித்தவர்கள்!

அமெரிக்காவில் வார்ட்டன் என்ற வணிகப் பள்ளியிலும் வருஷக்கணக்காக இப்படிப் புள்ளி ஏலம்தான். 2013-இல் அதை மாற்றினார்கள். எரிக் புடிஷ் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் யோசனை: எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பொய்க் காசு, உனக்கு எந்தப் பாடம் எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் சொல், விலையைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அடுத்தவன் மனசை மோப்பம் பிடிக்கிற வேலை மாணவனுக்கு இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். சீட்டு எடுக்க வருகிறவர் செருப்பைக் கழற்றும் வேகத்திலேயே அவர் அவசரத்தைக் கணக்குப் போடுகிறவர் நீங்கள்.

ஒரு உதவி. புள்ளியைக் கைமாற்றக் கூடாது என்பது விதி. ஆனால் எந்த வகுப்பு எவ்வளவுக்குப் போனது என்று நான்கு வருஷக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கும் அக்கா ஒருத்தி விடுதியில் இருக்கிறாள், திருச்சிக்காரி. நோட்டைக் காட்ட மாட்டேன் என்கிறாள். போன தடவை நீங்கள் கொடுத்தனுப்பிய பால்கோவாவில் ஒரு விள்ளல் வாயில் போட்டதும் இரண்டு பக்கம் காட்டினாள். மொத்தம் நாற்பது பக்கம் இருக்கும் போலிருக்கிறது. கணக்குப் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்