ஹெர் அப்பா

ஜெர்மனியில் எம்.எஸ். படித்த இரண்டு வருஷமும் ஆபீஸ்காரர்கள் யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாஸ்போர்ட்டில் ‘குடும்பப் பெயர்’ என்றிருந்த கட்டத்தை அப்பா பெயரால் நிரப்பியதன் பலன் அது. ஆஹன் நகரில் போய் இறங்கிய நாள் முதல் வங்கி அட்டையில், தபால் பெட்டியில், பல் டாக்டர் ரிசப்ஷனில், எல்லா இடத்திலும் நான் ‘ஹெர்’ போட்ட அப்பா. ஹெர் என்றால் திருவாளர்.

கும்பகோணத்திலிருந்து வடக்கே திருப்பதியைத் தாண்டாத மனிதர், தனக்கே தெரியாமல் ஜெர்மனியில் வாடகை கொடுத்தார், நூலகத்தில் அபராதம் கட்டினார், ஒரு செமஸ்டரில் கன்ட்ரோல் இன்ஜினியரிங்கில் ஃபெயிலும் ஆனார்.

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது, அந்த நாட்டுக்குள் நுழைவதைவிட வெளியே வருவது சிரமம் என்று. ‘நான் போகிறேன்’ என்று நகர அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் போகவேண்டும். அதற்கு ‘அப்மெல்டுங்’ என்று பெயர். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி, காலி செய்து இரண்டு வாரம் வரை அவகாசம். அந்தச் சான்றிதழைக் காட்டிக் கணக்கை முடிக்காவிட்டால், டி.வி.யே இல்லாத அறைக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கவுன்ட்டரில் இருந்த அம்மையார் என் புது முகவரியைப் படித்தார். “பழைய எண் 14, புதிய எண் 31. இதில் எந்த வீட்டில் இருப்பீர்கள்?”

“இரண்டிலும்.”

“இரண்டு வீடுகளா?”

“ஒரே வீடுதான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பிள்ளையார் கோயில் எதிரில் என்றிருக்கிறதே, பிள்ளையார் யார்? வீட்டு உரிமையாளரா?”

“ஏறத்தாழ.”

“தபால்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?”

“அப்பா பெயரைச் சொன்னால் தெருவே காட்டும்.”

“அதாவது, உங்கள் பெயரை.”

மறுக்க ஜெர்மன் போதவில்லை. தலையாட்டினேன். முத்திரை விழுந்தது.

அடுத்து அறையைக் காலி செய்யும் படலம். அங்கே குப்பைக்கும் ஜாதி உண்டு. காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறை ஒரு தொட்டி, காய்கறிக் கழிவு ஒன்று, எதிலும் சேராதது ஒன்று. கண்ணாடி பாட்டில்களை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பார்த்துப் போடவேண்டும். நீல பாட்டில் பச்சையோடு சேரும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அம்மா கொடுத்தனுப்பி, காலாவதியாகி, கட்டி தட்டிப்போன சாம்பார் பொடி எந்தத் தொட்டியில் சேரும் என்று மாத்திரம் யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அதையே போட்டு சாம்பார் வைத்து, ஜூனியர் பையன்களைக் கூப்பிட்டுப் பிரிவுபசார விருந்து நடத்திவிட்டேன். எல்லோருக்கும் கண் கலங்கியது. பிரிவினால் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே ஊரிலிருந்து போன்மேல் போன். அத்தைக்குக் குயில் கூவும் கடிகாரம் வேண்டுமாம். அது கிடைக்கிற கருங்காடு தென்மேற்குக் கோடியில் இருக்கிறது என்றேன். “அதே ஜெர்மனிதானே?” என்றார். மாமாவுக்கு ஸோலிங்கன் கத்தி. பாட்டிக்கு ஆஹனின் பிரிண்டன் வாங்கினேன். நம் ஊர்க் கருப்பட்டிபோல வாசனையடிக்கும் மசாலா பிஸ்கட் அது. அசல் ரகம் கல். பல் இல்லாத பாட்டிக்கா என்று கேட்காதீர்கள். வெற்றிலை உரல் எதற்கு இருக்கிறது?

அம்மா மட்டும், “எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, நீ வந்தாப் போதும்” என்றாள். நெகிழ்ந்து வாய் திறப்பதற்குள், “நான் ஊறுகாய் குடுத்தனுப்பின டப்பா எட்டும் மூடியோட வரணும்” என்றாள். தலா 23 கிலோவுக்கு இரண்டு பெட்டிதான் விமானத்தில் அனுமதி. புத்தகங்கள் ஜூனியர்களுக்குப் போயின. டப்பாக்கள் எட்டும் பெட்டிக்குள் போயின.

கடைசி நாள் வீட்டுக்காரர் கையில் பட்டியலோடு வந்தார். அட்வான்ஸாக மூன்று மாத வாடகை அவரிடம் இருந்தது. சட்டப்படி அதற்கு மேல் வாங்க முடியாது. சுவரில் நாலு ஆணித் துளைகள். சீனியர்கள் வழிவழியாகச் சொல்லித் தந்தபடி அவற்றைப் பற்பசையால் அடைத்திருந்தேன். மனிதர் சுவரைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

“புதினா” என்றார்.

துளைக்கு ஐந்து யூரோ கழித்தார்.

கிளம்பும்போது தபால் பெட்டியில் ஒட்டியிருந்த அப்பா பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு அங்கே தபால் இல்லை. அடுத்து குடியேறப்போகும் மதுரைப் பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான், தன் அப்பா பெயரைக் கையில் வைத்துக்கொண்டு.

ஊர் வந்து எட்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு கவர் வந்தது. தபால்காரர் நேராக அப்பாவிடம் கொடுத்தார். “என் பேர்தானேடா போட்டிருக்கு!” என்று அவரே பிரித்தார். போன குளிர்காலத்தில் அறைக்கு ஹீட்டர் ஓடிய கணக்கில் பாக்கி, 43 யூரோ 70 சென்ட். மொழிபெயர்ப்பு ஆப்பில் இரண்டு தரம் படித்தார். ரூபாயில் கணக்குப் போட்டார். எழுந்துபோய் ஹாலில் மூன்றில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை ஒன்றில் வைத்தார்.

நான் கட்டுகிறேன் என்றேன். “கடன் என் பேர்ல இருக்கு, நீ ஏன் கட்டணும்?” என்று பென்ஷன் பணத்தில் அவரே கட்டினார். அந்த ரசீது இப்போதும் ஹாலில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், “ஜெர்மனில எனக்குக் கொஞ்ச நாள் வரவு செலவு இருந்தது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.